'பேக் இன் பிளாக்' கிட்டார் டோன்: கெயின் ஏத்த ஏத்த தூரமாப் போகுது

எஸ்ஜி_பழகுநர் (கேள்வி)

ஏசி/டிசி ராக் பேண்டோட 1980 ஆல்பம் 'பேக் இன் பிளாக்'ல வர்ற கிட்டாரிஸ்ட் ஆங்கஸ் யங் ரிதம் டோனை எடுக்கணும். லீடு இப்போதைக்கு வேண்டாம், ஓப்பன் கார்டு அடிச்சா அந்த மாதிரி உடைஞ்சு (டிஸ்டார்ட் ஆகி) விழணும், அவ்வளவுதான்.

கையில இருக்கறது: எஸ்ஜி வடிவ கிட்டார், பிரிட்ஜ்ல செராமிக் காந்த ஹம்பக்கர், அதாவது ரெண்டு காயில் பிக்கப் (மீட்டர்ல 14.8 கிலோ ஓம் காட்டுது), 9-42 கம்பி, ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப்ல பிளெக்ஸி (பழைய மார்ஷல் ஆம்ப்) மாடல் உள்ள ஆம்ப் சாஃப்ட்வேர். வாரத்துக்கு ஒரு நாள் பயிற்சி அறை கிடைக்கும். அங்கே மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்தைத் தனியாக் குறைக்கற குமிழ்) இல்லாத 100 வாட் மார்ஷல் 1959 ஹெட் (1959ங்கறது மாடல் நம்பர்) ஒண்ணும், 4x12 கேபினெட் ஒண்ணும் இருக்கு.

இப்போ வச்சிருக்கற செட்டிங்: முன்னாடி டியூப் ஸ்க்ரீமர் (ஓவர்டிரைவ் பெடல்), ஆம்ப் கெயின் 8, பேஸ் 6, மிட் 4, ட்ரெபிள் 7, ப்ரெசன்ஸ் 6. ஸ்பீக்கருக்கு விண்டேஜ் 30 ஐஆர் (ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்து தர்ற ஒலியைப் பதிஞ்சு வச்ச கோப்பு).

தனியா வாசிச்சா நல்லாத்தான் இருக்கு. ரெக்கார்டோட சேர்த்து வாசிச்சா கார்டுல இருக்கற ஸ்வரம் எல்லாம் ஒண்ணாக் கரைஞ்சு கூழாயிடுது, மேலே தேனீக் கூடு மாதிரி ஒரு இரைச்சல். எங்கே தப்பு? அப்புறம், கேபிளுக்குப் பதிலா ஆங்கஸ் பயன்படுத்தின வயர்லெஸ் கருவிதான் ரகசியம்னு நிறைய பேர் சொல்றாங்க. அது எவ்வளவு தூரம் உண்மை?

ஆறுகம்பி

ப்ரோ, செட்டிங்கைப் பார்த்தாலே தெரியுது, ஏறக்குறைய எல்லாமே எதிர்த் திசையில இருக்கு. ஆம்ப்புக்கு முன்னாடி கிட்டார்லேயே ஆரம்பிக்கலாம்.

ஆங்கஸோட முதன்மைக் கிட்டார் 1970ஐ ஒட்டின கிப்சன் எஸ்ஜி. அந்தக் காலத்து ஹம்பக்கர் எல்லாம் 7.5லேர்ந்து 8.5 கிலோ ஓம் சுற்றளவுதான், காந்தமும் அல்னிக்கோ. உங்க 14.8 கிலோ ஓம் செராமிக் பிக்கப் கம்பியைத் தொட்டவுடனே ஆம்ப்போட முதல் வால்வை நெருக்க ஆரம்பிச்சுடும். சத்தம் கூடுதல்ங்கறது மட்டுமில்ல, சுற்று அதிகமானா இண்டக்டன்ஸும் அதிகம், அதனால மேல் அலைவரிசை மழுங்கி நடுப்பகுதி தடிச்சு வரும். கார்டு கூழாகறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

பிக்கப் மாத்தாமலே கொஞ்சம் சரி செய்யலாம். கடைசி ஃப்ரெட்டுல கம்பியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, பிக்கப் திருகுக்கும் கம்பிக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளந்து பாருங்க. சாதாரணமா தடிச்ச கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. வைப்பாங்க. உங்க பிக்கப்புக்கு 3.5, 2.8ன்னு இறக்குங்க. இறக்கின பிறகு கம்பிக்கு ஒண்ணுன்னு பிக்கப் மேல இருக்கற ஆறு திருகையும் ஒரு அரைச் சுற்று மேலே தூக்கினா கொஞ்சம் தெளிவு திரும்பி வரும். அதுக்கும் மேல, கிட்டார் வால்யூமை 7ல வச்சுப் பழகுங்க. வால்யூம் குறைச்சா ட்ரெபிள் சாகுதுன்னா, வால்யூம் பாட்டோட உள்வரும் காலுக்கும் நடுக் காலுக்கும் குறுக்கே 180 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு சால்டர் பண்ணுங்க. பத்து ரூபா வேலை.

இப்போ ஆம்ப். டியூப் ஸ்க்ரீமரைக் கழட்டுங்க. அந்த பெடல் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாத்தான் பெருக்கும், பெரும்பாலும் நடுப்பகுதியைத்தான் டயோடு வழியா நசுக்கி அனுப்பும். பாம் மியூட் பண்ணி (உள்ளங்கையால கம்பியை அமுக்கி) இறுக்கமா வாசிக்கற மெட்டலுக்கு அது சரி. ஓப்பன் ஈ கார்டுல ஆறாவது கம்பி மணி மாதிரி ஒலிக்கணும்னா அது பெரிய தடை.

கெயின் 4, 4.5. பேஸ் 3, மிட் 7, ட்ரெபிள் 5, ப்ரெசன்ஸ் 2. நாய்ஸ் கேட் (மெல்லிய சத்தத்தைத் தானா அடைக்கற கருவி) இருந்தா எடுத்துடுங்க, ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி) நடுவுல வர்ற மௌனத்தை உங்க உள்ளங்கைதான் அடைக்கணும். கேட் வச்சா கார்டு முடியற விளிம்பு கத்தரிச்ச மாதிரி கேக்கும்.

கெயின் சரியா இருக்கான்னு ஒரு சோதனை இருக்கு. ஓப்பன் ஏ கார்டை மெதுவா, கம்பி கம்பியா வருடுங்க. ஏறக்குறைய சுத்தமா, ஓரத்துல மட்டும் சிறு உரசலோட வரணும். அதே கார்டை மணிக்கட்டை வீசி அடிங்க, அப்போ உடையணும். மெதுவா வருடும்போதே உடைஞ்சா கெயின் அதிகம். ரெக்கார்டுல நாம கேக்கற அந்தக் கனம் பெரும்பாலும் கையோட கனம். 1 மி.மீ.க்கு மேல தடிச்ச பிக் எடுங்க, வளையற பிக்ல அந்த முதல் அடி வராது.

கார்டு பிடிக்கற விதமும் சேர்த்துப் பாருங்க. தலைப்புப் பாட்டு ரிஃப் ஈ, டி, ஏ. மூணும் ஓப்பன் கார்டு. ஏழாம் ஃப்ரெட்டுல பவர் கார்டா வாசிச்சா ஸ்வரம் சரியா இருக்கும், அந்த ஒலி வராது. ஏ கார்டை ரெண்டாம் ஃப்ரெட்டுல 4, 3, 2ஆம் கம்பிகளை ஒரே விரலால படுக்க வச்சுப் பிடிங்க, முதல் கம்பியை அந்த விரலோட அடிப்பாகமே தொட்டு அமுக்கட்டும். ஜி கார்டு வர்ற இடத்துல அஞ்சாம் கம்பியை மியூட் பண்ணிடுங்க: ஆறாம் கம்பி 3, நாலும் மூணும் திறந்தபடி, ரெண்டாம் கம்பி 3, முதல் கம்பி 3. இதுல மேஜர் தேர்டு (மூணாம் ஸ்வரம்) கிடையாது, ரூட்டும் (அடிப்படை ஸ்வரம்) ஃபிஃப்தும் (அஞ்சாம் ஸ்வரம்) மட்டும்தான்.

தேர்டை ஏன் தவிர்க்கறாங்கன்னா, டிஸ்டார்ஷன் எந்த ரெண்டு ஸ்வரத்துக்கும் நடுவுல உள்ள வித்தியாச அலைவரிசையையும் புதுசா உண்டாக்கும். ஃபிஃப்துக்கு அந்த வித்தியாசம் ரூட்டுக்கு சரியா ஒரு ஆக்டேவ் கீழே விழும், கனம் கூடும். நம்ம ஃப்ரெட்டுல இருக்கற மேஜர் தேர்டு இயல்பான தேர்டை விட சுமார் 14 சென்ட் (ஒரு ஃப்ரெட் தூரம் 100 சென்ட்) கூர்மையா இருக்கு. வித்தியாச ஸ்வரம் எங்கேயோ சுருதி விலகி விழுந்து அடிப்பகுதியில புகையற மாதிரி அலையும். கெயின் குறைச்சலா இருந்தா ஓப்பன் ஏ, டி கார்டுல தேர்டு இருந்தாலும் தாங்கும். கெயின் 8ல தாங்காது.

வால்வு_வாசனை

மேலே சொன்னது எல்லாம் சரி. 1959 ஹெட் கையில் கிடைக்கிறது என்பதால் அதன் உள்வழியைக் கொஞ்சம் விளக்குகிறேன். அந்த ஆம்ப் எப்படி உடைகிறது என்று புரிந்தால் சாஃப்ட்வேரிலும் எந்தக் குமிழைத் திருப்புவது என்று தெரிந்துவிடும்.

மாஸ்டர் வால்யூம் இல்லாத மார்ஷலில் ப்ரீஆம்ப் மட்டும் உடைவதில்லை. வால்யூம் 4, 5 வரும்போதே ஆம்ப் தன் முழுச் சத்தத்தை ஏறக்குறைய எட்டிவிடும். அதற்கு மேல் திருப்பினால் சத்தம் கூடாது, ஃபேஸ் இன்வெர்ட்டரும் (சிக்னலை இரண்டாகப் பிரித்துப் பவர் வால்வுகளுக்குத் தரும் நிலை) நான்கு ஈஎல்34 பவர் வால்வுகளும்தான் நெருக்கப்படும். டோன் கட்டுப்பாடுகள் இதற்கு முன்னால் இருக்கின்றன. ஆக, பேஸ் குமிழைத் திருப்பினால் பவர் வால்வு எதை உடைக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறீர்கள். பேஸ் 6 வைத்தால் முதலில் உடைவது அடிப்பகுதி, அது உடையும்போது மேலே உள்ள எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் 2 அல்லது 3. அடிப்பகுதிக்கு பேஸ் கிட்டார் இருக்கிறது.

1975இல் வந்த மார்ஷல் 2203, பின்னால் 1981இல் ஜேசிஎம்800 என்ற பெயரில் வந்த அதே மாடல், வேறு வழியில் போகிறது. அதில் இரண்டு கெயின் நிலைகள் ஒன்றன் பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவதன் கேத்தோடில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். அது அலையின் ஒரு பக்கத்தை முன்கூட்டியே வெட்டிவிடும், அந்த ரம்பப் பல் ஒலி அங்கிருந்து வருவது. நல்ல ஆம்ப்தான், இந்த ஆல்பத்தின் ஒலி அதுவல்ல. சாஃப்ட்வேரில் '800' என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

1959 ஹெட்டில் இரண்டு சேனல். முதல் சேனல் வால்யூமின் குறுக்கே ஒரு பிரைட் கெபாசிட்டர் இருக்கும், பல ஹெட்களில் 5000 பைக்கோஃபாரட். வால்யூம் 3, 4இல் இருக்கும்போது காதைக் குத்துவது இதுதான். வால்யூம் முழுதாகத் திறந்தால் அதற்கு வேலையே இல்லை. சத்தமாக வைக்க முடியாத அறையில் அதன் ஒரு காலைத் தூக்கிவிடலாம், அல்லது 500 பைக்கோஃபாரட் போடலாம். சால்டரிங் வேண்டாம் என்றால் சேனல்களை இணையுங்கள்: கிட்டார் முதல் சேனலின் மேல் உள்ளீட்டில், அதே சேனலின் கீழ் உள்ளீட்டிலிருந்து 15 செ.மீ. பேட்ச் கேபிள் ஒன்று இரண்டாம் சேனலின் மேல் உள்ளீட்டுக்கு. முதல் சேனல் வால்யூம் 5, இரண்டாவது 3இல் தொடங்குங்கள். இரண்டாவதை ஏற்ற ஏற்ற உடம்பு சேரும், 5 தாண்டினால் தொளதொளக்கும்.

ஹெட்டை உள்ளே திறக்கும் எண்ணம் இருந்தால்: பிளேட் மின்னழுத்தம் 450 வோல்ட்டைத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப் வைத்து, கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனைக்கும் சேஸிஸுக்கும் இடையே 20 விநாடி மாட்டி வையுங்கள். பிறகு மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் தனித்தனியாக. ஒரு கை வெளியே இருக்கட்டும். இதில் தயக்கம் இருந்தால் திறக்கவே வேண்டாம், வால்வு ஆம்ப் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

பயஸ் (வால்வின் ஓய்வு மின்னோட்டத்தை அமைக்கும் மின்னழுத்தம்) பார்த்து எவ்வளவு நாளானது என்றும் பயிற்சி அறைக்காரரிடம் கேளுங்கள். ஈஎல்34 ஒன்றுக்கு பிளேட் தாங்குதிறன் 25 வாட், அதில் 70 விழுக்காடு 17.5 வாட். பிளேட்டில் 470 வோல்ட் இருந்தால் 17.5ஐ 470ஆல் வகுக்க 37 மில்லி ஆம்பியர் வரும். அதுதான் உச்சவரம்பு, 32லிருந்து 35 வைத்தால் போதும். மிகக் குறைவாக, 20 சுற்றுவட்டாரத்தில் இருந்தால் ஒலி மெலிந்து மணல் போல உரசும். பலர் அதை ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேபினெட்டில் என்ன ஸ்பீக்கர் என்று அவசியம் பாருங்கள். செலஸ்டியன் ஜி12எம் கிரீன்பேக் நான்கு என்றால் மொத்தம் 100 வாட். முழுதாகத் திறந்த 1959 உடைந்த நிலையில் 100ஐ விட நிறையத் தள்ளும், காயில் கருகும். பழைய நாள்களில் ஒரு ஹெட்டுக்கு இரண்டு கேபினெட் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 16 ஓம் கேபினெட் இரண்டு என்றால் ஹெட்டின் பின்னால் 8 ஓம் தேர்வு செய்ய வேண்டும். ஸ்பீக்கர் கேபிள் மாட்டாமல் ஸ்டாண்ட்பையைத் தட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடுவதும் அதே பாவம்தான், உள்கம்பி மெல்லியது.

எஸ்ஜி_பழகுநர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பிக்கப்பை 3.4 மி.மீ.க்கு இறக்கினேன், ஸ்க்ரீமர் போயாச்சு, கெயின் 4.5. கார்டு இப்போ பிரிஞ்சு கேக்குது, ஓப்பன் டி கார்டுல எல்லாக் கம்பியும் தெரியுது. பெரிய மாற்றம்.

ஆனா ரெண்டு குறை. ஒண்ணு, அடிச்ச கார்டு சீக்கிரம் செத்துப்போகுது, ரெக்கார்டுல அது நின்னு பாடுது. ரெண்டு, தேனீ இரைச்சல் குறைஞ்சிருக்கு, போகல. வயர்லெஸ் பத்தி யாரும் சொல்லலையே அண்ணே, முதல் குறைக்கு அதுதான் பதிலா?

மைக்முன்

பெரும்பாலும் ஆமாம். ஆனால் 'ரகசியம்' என்று அதைத் தனியே தூக்கி வைத்தால் மறுபடி வழி தவறும்.

அந்தக் கருவி கென் ஷாஃபர் உருவாக்கிய ஷாஃபர்-வேகா டைவர்சிட்டி சிஸ்டம். ஆங்கஸ் 1970களின் இறுதியிலிருந்து மேடையில் பயன்படுத்தினார், ஸ்டூடியோவுக்குள்ளும் கொண்டுபோனார். அன்றைய ரேடியோ இணைப்பால் கிட்டாரின் முழு ஏற்ற இறக்கத்தையும் இரைச்சல் இல்லாமல் கடத்த முடியாது. அதற்காக அனுப்பும் முனையில் சிக்னலை அமுக்கி, பெறும் முனையில் அதே விகிதத்தில் விரிப்பார்கள். காகிதத்தில் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். நடைமுறையில் அமுக்குவதும் விரிப்பதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை, அதனால் அடியின் முதல் நொடித்துளி சற்றுத் தூக்கலாகவும் வால் சற்று நீளமாகவும் வரும். இது ஒன்று.

இரண்டாவது, ரிசீவரிலிருந்து வரும் சிக்னலைக் கிட்டாரின் அளவை விடப் பல டெசிபல் கூட்டி அனுப்பலாம். அது ஆம்ப்பின் முதல் வால்வை இன்னும் நெருக்கும். நீங்கள் ஆம்ப் குமிழால் கெயின் ஏற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பூஸ்ட், வால்யூம் பாட்டுக்கு முந்தைய நிலையையும் சேர்த்து உடைக்கிறது.

மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. வயர்லெஸ் என்றால் நீண்ட கேபிள் இல்லை. கிட்டார் கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பைக்கோஃபாரட், ஆறு மீட்டர் என்றால் 600. அந்தச் சுமை பிக்கப்பின் ஒத்ததிர்வைக் கீழே இழுத்து மேல் நடுப்பகுதியை மங்கச் செய்கிறது. டிரான்ஸ்மிட்டர் வரை குட்டி வயர்தான் என்பதால் பிக்கப் முழுதாக மூச்சுவிடும். உங்கள் பிக்கப் ஏற்கெனவே இருண்டது, இன்டர்ஃபேஸுக்கு 3 மீட்டருக்கு மேல் கேபிள் போடாதீர்கள்.

இதை வீட்டில் கிட்டத்தட்ட எட்டுவது இப்படி. முதலில் ஒரு கம்ப்ரெசர்: விகிதம் 2:1, அட்டாக் 8 மில்லி நொடி, ரிலீஸ் 60 மில்லி நொடி, பலமாக அடிக்கும்போது மீட்டரில் 3 டெசிபல் மட்டும் இறங்கட்டும். அதற்குப் பின் சுத்தமான பூஸ்ட் 6 டெசிபல். பெடல் என்றால் எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் போன்ற ஒன்று, அதன் உச்சம் 26 டெசிபல் என்பதால் குமிழைச் சிறிதளவே திருப்புங்கள். பூஸ்ட் போட்டவுடன் ஆம்ப் கெயினை 4.5லிருந்து 3.5க்கு இறக்கிவிட்டு ஆறுகம்பி சொன்ன வருடல் சோதனையை மறுபடி செய்யுங்கள். கம்ப்ரெசர் 6 டெசிபல் இறக்குகிறது என்றால் அடியின் உயிர் போய்விட்டது, குறையுங்கள்.

சாஃப்ட்வேரில் இன்னொன்று. இன்டர்ஃபேஸ் உள்ளீடு 'இன்ஸ்ட்ருமென்ட்' நிலையில்தானே இருக்கிறது? லைன் நிலையில் வைத்தால் பிக்கப் செத்துவிடும். உள்ளீட்டு கெயினை மிகவும் குறைத்துத் தொடங்கி, மிகப் பலமான அடிக்கு மீட்டர் −10 டெசிபல் சுற்றில் நிற்கும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் மாடலுக்குள் போகும்போதே கெயின் கூடிவிடும், ஆம்ப் பக்கம் 4.5 என்று காட்டுவதற்கு அர்த்தமே இருக்காது.

இனி அந்தத் தேனீ. அது விண்டேஜ் 30 ஐஆரும், மைக் வைத்த இடமும். அந்த ஸ்பீக்கருக்கு மேல் நடுப்பகுதியில் ஒரு மேடு உண்டு. கிரீன்பேக் ஜி12எம், அல்லது கொஞ்சம் இறுக்கமான அடிப்பகுதி வேண்டுமானால் ஜி12எச்-30 ஐஆர் எடுங்கள். மைக் கூம்பின் நடுமூடியைப் பார்த்து நேரே நிற்கும் ஐஆர் வேண்டாம், மூடியின் விளிம்பில் நிற்கும் ஒன்று வேண்டும். அதற்குப் பிறகும் உரசினால் 6.5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் மென்மையாக வெட்டுங்கள், கீழே 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ். 3 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் தொடாதீர்கள், கார்டின் விளிம்பு அங்கேதான் இருக்கிறது.

ஆறுகம்பி

விண்டேஜ் 30ல ஒரு சின்ன மாறுபாடு சொல்றேன். கெயின் இந்த அளவுக்குக் குறைஞ்ச பிறகு அது அவ்வளவு மோசமில்ல, நாலு ஸ்பீக்கர்ல ரெண்டு கிரீன்பேக் ரெண்டு வி30ன்னு கலந்து வைக்கறவங்களும் இருக்காங்க. ஆனா இந்த ஆல்பத்துக்குன்னு கேட்டா மைக்முன் சொல்றதுதான் நேர் வழி.

நான் சொல்ல வந்தது மால்கம் பத்தி, ஆங்கஸோட அண்ணன், பேண்டோட ரிதம் கிட்டாரிஸ்ட். ப்ரோ, நீங்க 'ஆங்கஸ் டோன்'னு நினைச்சுக் கேக்கறதுல பாதி அவரோடது. ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு இடது காதை மட்டும் கேளுங்க, அப்புறம் வலது காதை மட்டும். இடது மால்கம், வலது ஆங்கஸ். மால்கம் வாசிச்சது 1963 கிரெட்ச் ஜெட் ஃபயர்பேர்டு, அதுல பிரிட்ஜ் ஃபில்டர்ட்ரான் பிக்கப் ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைக் கழட்டிட்டார். ஃபில்டர்ட்ரான் சுமார் 4 கிலோ ஓம்தான், கிப்சன் ஹம்பக்கர்ல பாதி. கம்பி 12ல ஆரம்பிக்கற தடிச்ச செட், மூணாவது கம்பி சுற்றுக் கம்பி. ஆம்ப் மார்ஷல் சூப்பர் பேஸ். ஆங்கஸை விட இன்னும் சுத்தமா, வறட்சியா இருக்கும். அந்த சுத்தம்தான் கார்டோட எலும்பு, ஆங்கஸோட உடைசல் அது மேல உட்கார்ந்த சதை.

அதனால ஒரே கிட்டார்ல ரெண்டையும் திணிச்சா கெயினும் பத்தாது பேஸும் பத்தாதுன்னு ஏத்திக்கிட்டே போவீங்க. இடது பக்கத்துக்குத் தனி டேக் எடுங்க. உங்க ஹம்பக்கர்ல நாலு வயர் இருந்தா ரெண்டு காயிலையும் சீரீஸ்லேர்ந்து பேரலலுக்கு மாத்த ஒரு சுவிட்ச் போடுங்க, இண்டக்டன்ஸ் நாலுல ஒரு பங்காகும், ஹம்மும் வராது. காயில் ஸ்ப்ளிட் வேண்டாம், ஹம் வரும், மெலிஞ்சும் போகும். சுவிட்ச் முடியலைன்னா கிட்டார் வால்யூம் 5, ஆம்ப் கெயின் 3, பூஸ்ட் ஆஃப். 10-52 கம்பி மாட்டினாலே வித்தியாசம் கேக்கும்.

மைக்முன்

அதைப் பதிவு செய்யும் முறையையும் சேர்த்துவிடுகிறேன். ஆல்பம் பஹாமாஸின் நாசாவில் உள்ள காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில் பதிவாகி, நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடியில் மிக்ஸ் ஆனது. தயாரிப்பு மட் லாங்கே, பொறியாளர் டோனி பிளாட். பக்கத்துக்கு ஒரு ரிதம் கிட்டார், இரண்டுக்கும் நடுவில் இடம் காலியாகக் கிடக்கிறது, அங்கே டிரம்ஸும் குரலும் பேஸும். நான்கு டேக், ஆறு டேக் அடுக்கினால் அடியின் விளிம்புகள் ஒன்றோடொன்று மோதி மழுங்கும். இரண்டே டேக் எடுங்கள், நேரம் பிசகாமல்.

பயிற்சி அறையில் 1959ஐப் பதிவு செய்யும்போது எஸ்எம்57 மைக் ஒன்றை ஸ்பீக்கர் துணியிலிருந்து 3 செ.மீ.யில், நடுமூடியின் விளிம்பைப் பார்த்து வையுங்கள். இரண்டாவது மைக் வைத்தால் அது சரியாக அதே தூரத்தில் இருக்கட்டும், அல்லது ஒன்றரை மீட்டருக்கு மேல் போகட்டும். இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து: 34 செ.மீ. வித்தியாசம் என்றால் ஒலி ஒரு மில்லி நொடி தாமதமாக வரும், 500 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கிட்டாரின் உடம்பே அங்கேதான். தூர மைக்கை 12 டெசிபல் தாழ்த்திக் கலந்தால் போதும், செயற்கை ரிவர்ப் தேவைப்படாது. லேப்டாப்பில் என்றால் அரை நொடி அறை ரிவர்ப், மிகக் குறைவாக.

செட்டிங் வைக்கும்போது மெல்லிய சத்தத்தில் வைக்காதீர்கள். குறைந்த சத்தத்தில் காது அடிப்பகுதியையும் உச்சியையும் குறைவாகக் கேட்கும், கை தானாக பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றும். உங்கள் முதல் கேள்வியில் மிட் 4க்கு இறங்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஓரளவு உரக்க வைத்து, டிரம்ஸும் பேஸும் ஓடும்போது மட்டுமே குமிழைத் தொடுங்கள்.

எஸ்ஜி_பழகுநர்

கிரீன்பேக் ஐஆர், கம்ப்ரெசர் 2:1, பூஸ்ட் 6 டெசிபல், கெயின் 3.5. கார்டு நிக்குது! தேனீயும் போயிடுச்சு. இடது டேக்கைத் தனியா எடுத்து வச்சதும் கண் கலங்கிடுச்சு, உண்மையாவே.

கடைசியா ஒண்ணு. பயிற்சி அறைக்காரர் 1959ஐ வால்யூம் 3க்கு மேல ஏத்த விடமாட்டேங்கறார், பக்கத்து வீட்டுத் தொல்லை. அட்டன்யூவேட்டர் (ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல சத்தத்தைக் குறைக்கற பெட்டி) வாங்கறதா, இல்ல உள்ளே மாஸ்டர் வால்யூம் போட அவர்கிட்டக் கேக்கறதா? ரெண்டுல எது டோனைக் கெடுக்காது?

வால்வு_வாசனை

பக்கத்து வீடு இருக்கட்டும், முழுதாகத் திறந்த 1959 கேபினெட் முன் ஒரு மீட்டரில் 115 டெசிபலைத் தாண்டும். காதில் அடைப்பான் இல்லாமல் அங்கே நிற்கவே வேண்டாம்.

இரண்டில் அட்டன்யூவேட்டர். ஆம்ப் அடுத்தவருடையது, உள்ளே கை வைக்கத் தேவையில்லை. வெறும் ரெசிஸ்டர் வகை வேண்டாம், ரியாக்டிவ் வகை எடுங்கள். உண்மையான ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் அலைவரிசைக்கு ஏற்ப ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கத்தைப் பவர் வால்வு உணர்ந்தால்தான் அடிப்பகுதி துள்ளும். தாங்குதிறன் 100 வாட் என்று போட்டிருந்தால் போதாது, 150 வாட் அல்லது அதற்கு மேல். ஹெட்டின் ஓம் தேர்வும் அட்டன்யூவேட்டரின் உள்ளீட்டு ஓமும் ஒன்றாக இருக்க வேண்டும். 8லிருந்து 12 டெசிபல் வரை இறக்கினால் ஒலி பெரிதாக மாறாது. 20 டெசிபல் இறக்கினால் ஸ்பீக்கரின் கூம்பு தன் பங்குக்கு உடைவது நின்றுபோய் ஒலி சற்றுக் காய்ந்துவிடும். அப்போது ப்ரெசன்ஸை இன்னும் ஒன்று குறைத்து, மிட்டை ஒன்று கூட்டுங்கள்.

வால்வு நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடும், வழக்கத்தை விட முன்னதாகத் தேயும் என்பதையும் அறைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

மாஸ்டர் வால்யூம்தான் வேண்டும் என்று அவரே முடிவு செய்தால், ஃபேஸ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் போடும் வகையைக் கேளுங்கள், இரட்டை 250 கிலோ ஓம் பாட். முன்னால் போட்டால் இன்வெர்ட்டர் உடையவே உடையாது, இந்த ஒலியில் கணிசமான பங்கு அங்கேதான் பிறக்கிறது. இரட்டைப் பாட்டில் ஒரு ஆபத்து: ஈஎல்34க்குப் போகும் பயஸ் அதன் நடுக்கால் வழியாகத்தான் செல்கிறது. நாளடைவில் அந்தத் தொடுமுனை தூசி படிந்து விட்டுப்போனால் வால்வு பயஸ் இல்லாமல் சிவந்து எரியும். ஒவ்வொரு நடுக்காலிலிருந்தும் பயஸ் வழிக்கு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிட்டால் பாட் கெட்டாலும் பயஸ் நிற்கும். வேலை செய்பவர் அந்த இரண்டு ரெசிஸ்டரைப் போட்டாரா என்று மூடுவதற்கு முன் கண்ணால் பார்த்துவிடுங்கள்.